இளமை ஊசியும் காயகல்பமும்: கேள்வி பதில்

சேலத்தில் முப்பது வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சில.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): எங்கள் கொலுசுப் பட்டறை முதலாளி வெள்ளியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தாலே தரத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இளமை திரும்பும் என்று குளுட்டாதயோன் என்ற மருந்தை டிரிப்பாக நரம்பில் ஏற்றிக்கொள்கிறார். எப்படி ஏமாந்தார்?

பதில்: அவர் உரசும்போது கவனியுங்கள். தரம் தெரிந்த வெள்ளியின் கோடு பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்கிறார். உடம்பு விஷயத்தில் அந்தப் பக்கத்துக் கோடு அவரிடம் இல்லை. டிரிப் தொடங்கிய அதே மாதம் ராத்திரி பரோட்டாவை நிறுத்தியிருப்பார், நேரத்தோடு தூங்கியிருப்பார். முகம் தெளிந்தது உண்மையாகவே இருக்கலாம். பெயர் டிரிப்புக்குப் போய்விட்டது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

கேள்வி (அஸ்தம்பட்டி): நன்றாகப் படித்தவர்களுமா நம்புகிறார்கள்?

பதில்: அவர்கள்தான் இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். நம்பியதற்குக் காரணம் அடுக்கத் தெரியுமே! அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். வைட்டமின் சி-யை அதிக அளவில் கொடுத்தால் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வார்கள் என்றார். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்து 1979-லும் 1985-லும் முடிவை வெளியிட்டது; பலன் இல்லை. அவர் மாறவே இல்லை. பணக்காரர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. ஊரே ‘முடியாது’ என்றதைச் செய்துகாட்டித்தான் பலர் முன்னுக்கு வந்திருப்பார்கள். ‘முதுமைக்கு மருந்து இல்லை’ என்று டாக்டர் சொன்னாலும் அதே காதோடுதான் கேட்கிறார்கள்.

கேள்வி (ஏற்காடு): மகனின் ரத்தத்தை ஏற்றிக்கொண்ட அமெரிக்கக் கோடீஸ்வரர் இளமையானாரா?

பதில்: பிரையன் ஜான்சன், 2023. ஏற்றியது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. பலன் தெரியவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். இளைஞர் பிளாஸ்மாவை இப்படி விற்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லேயே எச்சரித்திருந்தது.

கேள்வி (இளம்பிள்ளை): சித்தர் காயகல்பம் என்று யாரோ விற்கும் சூரணத்தை அப்பா சாப்பிடுகிறார். ‘மூலிகைக் குச்சியால் கிளறிய சோற்றைத் தின்று கிழவர் இளைஞரானது நம் கஞ்சமலையில்தான்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தக் கதையை என் பாட்டியும் சொல்லியிருக்கிறார், அமாவாசைக்குச் சித்தர் கோவிலுக்குக் கூட்டிப்போயும் இருக்கிறார். கதையோடு சண்டை போடாதீர்கள், பொட்டலத்தைப் பாருங்கள். உரிம எண் இருக்கிறதா? என்னென்ன சேர்த்தது என்று அச்சடித்திருக்கிறதா? இரண்டும் இல்லாத சூரணத்தில் ஈயமோ பாதரசமோ இருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடலாம். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே காட்டுங்கள். அவர் சொன்னால் அப்பா கேட்பார். அதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய, இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்துவிடுங்கள்.