விலை ஏறினால் நுகர்வு குறையுமா?

அன்புள்ள ஐயா,

எரிபொருளை இறக்குமதி செய்யும் நாடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சொந்தமாக எண்ணெய் இல்லாத நாடு சிக்கனமாகத்தானே இருக்க வேண்டும்? எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் தென்கொரியா ஏன் அப்படி இல்லாமல் நிறைய எரிபொருள் செலவழிக்கிறது? விலையை ஏற்றிவிட்டால் நுகர்வு தானாகக் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தென்கொரியா வாங்கும் கச்சா எண்ணெய் முழுவதும் அங்கேயே எரிந்துபோவதில்லை. சுத்திகரித்த டீசலாகவும் பெட்ரோ ரசாயனப் பொருட்களாகவும் கணிசமான பங்கு வெளிநாடுகளுக்குப் போகிறது. எரிபொருளைச் செலவழித்துச் செய்யும் எஃகும் கப்பலும் அப்படித்தான். எரிபொருள் வாங்கத் தேவையான டாலரை இந்த ஏற்றுமதியே ஈட்டித் தருகிறது. எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பதை ஒரு நாட்டின் வருமானமும் அது செய்யும் தொழிலும்தான் முதலில் தீர்மானிக்கின்றன. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

விலைக்கு வலு உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். பெட்ரோல் விலை இன்று இரட்டிப்பானாலும் நாளைக் காலை அதே வண்டியில் அதே வேலைக்குத்தான் போயாக வேண்டும். வண்டியும் வீடும் ஆலையும் மாறப் பல ஆண்டுகள் ஆகும்.

டென்மார்க்கைப் பாருங்கள். 1973-இல் அதன் ஆற்றல் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெய். நெருக்கடி வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். அது சில மாதங்களில் முடிந்துபோனது. நிலைத்து நின்றது 1979-இன் வெப்ப வழங்கல் சட்டம். மின்நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகள் இப்படி மையக் குழாய் வெப்பத்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1986-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது வரியை உயர்த்தினார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். விலை குறைந்த காலத்திலும் சிக்கனத்தைக் கைவிடாத அரசுகள் குறைவு.

ஏழை நாடுகளில் கணக்கே வேறு. 2022-இல் இலங்கையின் அந்நியச் செலாவணி தீர்ந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று மக்கள் பெட்ரோல் வாங்கினார்கள். அதே ஆண்டு ரஷ்ய எரிவாயு குறைந்த ஐரோப்பா, கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்கத் தயாரானது. அதே எரிவாயுவுக்காகப் பாகிஸ்தான் ஜூலையில் கோரிய டெண்டருக்கு ஒரு விற்பனையாளர்கூட வரவில்லை. இலங்கையிலும் பாகிஸ்தானிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. நுகர்வு அங்கேயும் குறைந்ததுதான், ஆர். அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.