மின்முனைத் தட்டில் கொலாஜன் ஏன் உரிந்து வருகிறது?

கோழிக்கரு இதய செல்களை மின்முனைத் தட்டில் (செல்களின் மின்சிக்னலை அளக்க அடியில் நுண்ணிய மின்முனைகள் பதித்த தட்டு) வளர்க்கும் ஒரு ஆய்வு மாணவி கேட்டிருக்கிறார்: எலிவாலிலிருந்து எடுத்த கொலாஜன் (செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம்) பூசிய தட்டில் செல்கள் முதல் இரண்டு நாள் நன்றாகத் துடிக்கின்றன, மூன்றாம் நாள் பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிடுகின்றன, இன்னும் கெட்டியாகப் பூசலாமா?

வேண்டாம். கெட்டியாகப் பூசியதால்தான் உரிகிறது. ஆறின கஞ்சியில் படியும் ஆடையை ஓரத்தில் பிடித்து இழுத்தால் முழுசாக வருமே, அதே கதைதான் இங்கேயும்: தடித்த கொலாஜன் தனி ஏடாக நிற்கும், துடிக்கிற செல்கள் அதை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு ஓரம் கிளம்பினால் போதும். 1956-லேயே எர்மன், கே என்ற இரு ஆய்வாளர்கள் அம்மோனியா ஆவியில் கொலாஜனை உறையவைத்து அதன்மேல் செல் வளர்த்தார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது அருமையான முறை. ஆனால் மின்முனைக்கு செல் ஒட்டி உட்கார வேண்டும், சில பத்து மைக்ரான் தள்ளிப் போனாலே சிக்னல் தேய்ந்துவிடும்.

அதனால் மெல்லிய பூச்சு. 3 மில்லிகிராம்/மில்லி கொலாஜன் ஸ்டாக்கில் (மூலக் கரைசலில்) 100 மைக்ரோலிட்டர் எடுத்து, 5.9 மில்லி 0.02 மோலார் அசிட்டிக் அமிலத்தில் கலந்தால் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் வரும். சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, உறிஞ்சி எடுத்துவிட்டு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள், அமிலம் மிச்சமிருந்தால் செல் சாகும். பிப்பெட் முனை மின்முனைகள்மேல் படவே கூடாது.

ஆனால் நிஜமான வேலை இதற்கு முன்னால் இருக்கிறது. கொலாஜன் விடுவதற்கு முன் தட்டில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது மாதிரி உருண்டு நின்றால் அந்தத் தட்டு இன்னும் தயாராகவில்லை, எதைப் பூசினாலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். பழைய தட்டு என்றால் என்சைம் டிடர்ஜெண்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, 70% எத்தனால் காட்டி, உலர்ந்தபின் ஒரு நிமிடம் பிளாஸ்மா (கருவியில் உண்டாக்கும் மின்னேறிய வாயு) கொடுங்கள். இப்போது சொட்டு தட்டையாகப் பரவும். பிளாஸ்மா கொடுத்த பரப்பு நாளாக ஆகப் பழையபடி நீரை ஒதுக்க ஆரம்பிக்கும், அதனால் அன்றைக்கே பூசிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, பூசிய பிறகு ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் கொலாஜன் இழை அவிழ்ந்து வெறும் ஜெலட்டினாகிவிடும். கிருமிநீக்கமெல்லாம் பூசுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பூசுவதற்கு முன்னும் பின்னும் பிபிஎஸ் ஊற்றி 1 கிலோஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு மின்முனை காட்டும் தடை) பார்த்துக் குறித்துவையுங்கள். மெல்லிய பூச்சு ஈரத்தில் அயனிகளைத் தாராளமாக விடும், எண் பெரிதாக மாறாது. ஒரே ஒரு மின்முனை மட்டும் எகிறினால் முதலில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே ஒன்றாக ஏறியிருந்தால் பூச்சு தடித்துவிட்டது, கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள், அதுவரை அந்தத் தட்டில் செல்களை விட வேண்டாம்.