அரைப்பேருக்கு எங்கே எழுதியிருக்கிறது? – கடிதம்

அன்புள்ள சேர்,

நான் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவள். இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் கைநூல்களை, அந்தந்த மாநிலச் சட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது எங்கள் பிரிவின் வேலை. கலிபோர்னியாவில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் கடைசிச் சம்பளத்தை அப்போதே கொடுக்க வேண்டும், டெக்சாஸில் ஆறு நாள் அவகாசம் உண்டு, நியூயோர்க்கில் பாலியல் தொந்தரவுக்கு எதிரான கொள்கை எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போன மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டார்: "கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் தருகிறார்களே, அதற்கு எங்கே எழுதியிருக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது, படித்த எனக்கும் தெரியவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. நம் தோட்டத் தொழிலாளருக்கும் தமிழில் இப்படி ஒரு கைநூல் எழுத முடியுமா? யார் அச்சிடுவார்கள்? அந்நிய முதலாளிகளுக்கு உழைப்பது துரோகமோ என்றும் சில வேளைகளில் தோன்றுகிறது. (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மகள்,

துரோகம் என்ற பேச்சை முதலில் விடு. வேலை செய்கிறாய், சம்பளம் வாங்குகிறாய், வீட்டுக்கு அனுப்புகிறாய். இதில் துரோகத்துக்கு எங்கே இடம்? அச்சகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உன் கடிதத்தில் ஒரு வரிதான் எனக்குக் கோபமூட்டியது. "அம்மாவுக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது உனக்கு? "எங்கே எழுதியிருக்கிறது" என்று கேட்டவர் அவரல்லவா? கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நடப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு வந்தவர் அதை இலவசமாகக் கேட்டிருக்கிறார். நீ அதில் அறியாமையைக் கண்டிருக்கிறாய். பட்டம் வாங்கிய பிள்ளைகளிடம் எனக்குப் பிடிக்காத குணம் இது. பெற்றவர்களைப் பார்த்து இரங்குவதற்கு உங்களுக்கு அவ்வளவு அவசரம்.

என் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. எங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வருவார். முழுப்பேர் கிடைத்த நாளுக்கு நெடுங்கோடு, அரைப்பேருக்குக் குறுங்கோடு, ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு ஒரு புள்ளி. சம்பள நாளில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், பேர் குறைந்திருந்தால் கணக்கப்பிள்ளையிடம் நாளையும் மலையையும் சொல்லிக் கேட்பார். "அன்றைக்கு ஆற்றோர மலை, மத்தியானம் மழை, பக்கத்து நிரையில் இன்னார் நின்றார்." கணக்கப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே திருத்துவார். ஒரு தீபாவளிக்கு அப்பா நல்ல மனதோடு, யாரிடமும் சொல்லாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சம்பளத்துக்கு முன்னால்! அந்த மாதம் பேர் குறைந்துதான் வந்தது. அம்மா வெள்ளைச் சுவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை.

தோட்டத்தில் விதிகளுக்குக் குறைவே இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி குற்றவாளி, சிறைக்குக்கூடப் போகலாம். பிறகு துண்டு முறை வந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் தாள் அது. அந்தத் தாளை வைத்து, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனோடு குடும்பங்கள் கைமாறின. 1921இல்தான் அது ஒழிந்தது. நம்மவர் கைக்கு வந்த தாள்கள் இந்த மாதிரியானவை. நம்மைக் கட்டிப்போட எப்போதும் தாள் இருந்தது. துரையைக் கட்டும் தாள் நம் கையில் இல்லை என்பதுதான் குறை.

இதை உனக்கு உன் வேலையிலிருந்தே காட்டலாம். நீ திருத்தும் கைநூல்களின் முதற்பக்கத்தில் "இது ஒப்பந்தம் அல்ல" என்று ஒரு வாசகம் இருக்குமே, அது ஏன் என்று யோசித்தாயா? மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து அனுப்பலாம் என்பதுதான் பொது விதி. 1985இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மருந்துக் கம்பனியின் வழக்கு வந்தது. தகுந்த காரணமின்றி நீக்கமாட்டோம் என்று கம்பனியின் கைநூலில் இருந்தது. நீக்கப்பட்டவர் அதைக் காட்டினார். ஊழியர்களிடையே விநியோகித்த நூலில் உள்ள வாக்குக் கம்பனியைக் கட்டக்கூடும், கட்டாது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பிறகு வழக்கறிஞர்கள் எல்லாக் கைநூல்களிலும் அந்த வாசகத்தை மறக்காமல் சேர்க்கிறார்கள். தொழிலாளி கையில் இருக்கும் தாளுக்குக் கம்பனிகள் எவ்வளவு பயப்படுகின்றன என்று பார்.

இங்கே முழுப்பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வாயால் சொல்லப்படுகிறது. நேற்று 16, இன்று 18, அடுத்த மாதம் 20. தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் கையொப்பமிடும் கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் அதைப் பற்றித் தோட்ட நிர்வாகத்தோடு சங்கம் சண்டை போடவாவது ஒரு பிடி இருந்தது. 2021இல் நாட்சம்பளம் அரசின் சம்பள நிர்ணய சபையின் கைக்குப் போய் ஆயிரம் ரூபாயானது. அதோடு கூட்டு ஒப்பந்தம் நின்றது. பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. உன் அம்மாவின் கேள்விக்கு இதுதான் என் பதில்: தாளில் இல்லை, வாயில்தான் இருக்கிறது. அவர் விரும்பும் பதிலாக இருக்காது.

ஆனால் அரைப்பேரைவிட என்னைத் தூங்கவிடாதது வேறு. அரைப்பேர் கண்ணுக்குத் தெரியும், சுவரில் குறுங்கோடாக விழும். சம்பளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு மட்டும் சம்பளம் என்று பெயர் வைத்தார்களே, அது எந்தச் சுவரிலும் விழாது. 2016 கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள். நாளுக்கு 730 ரூபாய் என்று மேடையில் பட்டாசு வெடித்தார்கள். அடிப்படைச் சம்பளம் 500. வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலையை ஒட்டிய விலைப்பங்கு 30. வருகை குறைந்தால் 60 போய்விடும், கிலோ குறைந்தால் 140 போய்விடும். சரி, எல்லாம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் (EPF) தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனியிடம் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் (ETF) கம்பனியின் 3 வீதம். இவையெல்லாம் அந்த 500க்குத்தான். மிச்சம் 230, வயதான காலத்துக்கு ஒரு சதம்கூடச் சேர்க்காது.

இன்னும் கேள். வேலையை விட்டுப் போகும்போது ஒரே தொகையாகக் கொடுப்பது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவருக்கு 420 நாள். 500 ரூபாய்ப்படி 2,10,000. முழு 730க்கும் கணக்கிட்டிருந்தால் 3,06,600. வித்தியாசம் 96,600 ரூபாய். ஒருவருக்கு! அதை ஒரு தோட்டத்தின் பேர்ப்பட்டியலால் பெருக்கிப் பார். யாரும் யாருடைய பையிலும் கைவைக்கவில்லை. எல்லாம் கையொப்பமிட்டு முறைப்படி நடந்தது. அந்த மேசையில் நம் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பின் சம்பளம் பல தடவை ஏறியிருக்கிறது, 2024இல் 1,700 என்று எழுந்த சத்தம் 1,350இல் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதில் அடிப்படை எவ்வளவு? கூட்டங்களில் இதைக் கேட்டு இப்போது என்னைக் கண்டாலே மைக்கை மறைக்கிறார்கள்.

கைநூல் எழுத முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். 1930களில் தோட்டத் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யர் துண்டுப்பிரசுரம் அச்சடித்தார், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் அதையே பாட்டாகப் பாடினார், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ஆனால் நீ இருநூறு பக்கத்தில் ஆரம்பிக்காதே. உன் தொழில் பழக்கம் உன்னை அங்கேதான் இழுக்கும்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் சம்பளச் சீட்டுகளைக் கேட்டு வாங்கு. சேமலாப நிதிக்குப் பிடித்த தொகையைப் பன்னிரண்டரையால் பெருக்கு. எந்தச் சம்பளத்தின் மேல் 8 வீதம் பிடித்தார்கள் என்பது அப்படியே வெளியே வரும். அதை அம்மா கைக்கு வந்த மொத்தத்தோடு வைத்துப் பார். அவர் பேர் பதிந்த திகதியையும் எழுதிவை. பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகை 30 வீதம் வரை ஏறும். "வரும், வரும்" என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடு, பிரதியில் முத்திரை குத்தி வாங்கு. தலைவரிடம் சொல்லிவிட்டோம் என்று திரும்பி வராதே.

சீட்டில் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. சந்தா, தேயிலைத்தூள், கோயில், கடன் என்று பிடித்திருப்பார்கள். இங்கேயே போட்டு வரி வரியாகப் பார்ப்போம். அச்சகம் எனக்குத் தெரிந்தவருடையது, கடனுக்கு அடிப்பார்.