பச்சை காட்டினாலும் டயர் தேயும்

கேள்வி: என் இசுஸு டி-மேக்ஸ் வி-க்ராஸ் பிக்-அப்புக்கு 2 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் கிட்) போட்டேன். அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்து, ‘எல்லாம் பச்சை’ என்றார்கள். 6,000 கி.மீ.க்குள் முன் டயர் இரண்டும் வெளி ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. டயரில் கோளாறா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: டயர்மேல் பழி போடாதீர்கள். வண்டியைத் தூக்கியதும் மேல் ஆர்மின் (சக்கரத்தை மேற்பக்கம் சட்டகத்தோடு இணைக்கும் கை) வெளி முனை தாழ்ந்து, பெரும்பாலும் சக்கரத்தின் தலையை வெளியே தள்ளும். அதுதான் பாசிட்டிவ் கேம்பர். காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) குறையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வு மாறுவதால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) விலகும். மூன்றில் டயரை வேகமாகத் தின்பது டோதான்.

எது காரணம் என்று உள்ளங்கையே சொல்லிவிடும். டயரின் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே வழுக்கிப் போய், திரும்பி வரும்போது ரம்பப் பல்போல் பிடித்தால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். இரண்டு திசையில் தடவினாலும் வழவழப்பாக இருந்து ஓரம் மட்டும் கரைந்திருந்தால் கேம்பர். ஆங்காங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேரிங்கையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

பச்சை என்றால் கம்ப்யூட்டரில் ஏற்றிய வரம்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். சில கடைகளில் டை ராடைத் திருப்பி டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேம்பரையும் காஸ்டரையும் மாற்றும் கீழ் ஆர்மின் கேம் போல்ட்டோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம்? சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்கள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். கேம்பர் பூஜ்யத்தை ஒட்டியும், இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள்ளும் இருக்கட்டும்.

வரிசையும் முக்கியம்: முதலில் காற்று, பிறகு பால் ஜாயின்ட், டை ராடு ஆட்டம், அடுத்து காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர்) போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் முழுதாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். லிஃப்டோடு புது ஸ்பிரிங்கும் போட்டிருந்தால் அது படிய 500 முதல் 1,000 கி.மீ. ஆகும், அதன்பின் இன்னொரு முறை பாருங்கள். கேம் போல்ட் முழுதும் திரும்பியும் காஸ்டர் உரிய அளவை எட்டவில்லையென்றால், காஸ்டர் திருத்தத்துடன் வரும் மேல் ஆர்ம் தேவை.

கேள்வி: டோவை வீட்டிலேயே பார்க்கலாமா? – வாசகர், தேனி

பதில்: பார்க்கலாம். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றி, ஒவ்வொரு டயர் நடுவிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நாலடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். அச்சு உயரத்தில் டயர்களின் முன்புறம் கோட்டுக்குக் கோடு அளந்து, அதே டயர்களின் பின்புறமும் அப்படியே அளவெடுங்கள். முன்னளவு 1–2 மி.மீ. குறைவாக இருந்தால் பெரும்பாலும் நல்லது, வித்தியாசம் 5 மி.மீ. தாண்டினால் கடைக்குப் போங்கள்.

கேள்வி: 2 அங்குலம் உயர 50 மி.மீ. ஸ்பேசர் (இடையில் வைக்கும் தடிப்பான வளையம்) போதுமா? – வாசகர், ஓசூர்

பதில்: அதிகம். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் 25 மி.மீ. வைத்தாலே வண்டி அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு, அதாவது 50 மி.மீ. அளவுக்கு உயரும். 50 வைத்தால் ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை) கிழியலாம், மேல் பால் ஜாயின்ட் அதன் எல்லையில் போய் முட்டலாம்.