எத்தனை டிகிரி, எவ்வளவு வேகத்தில்?

அன்புள்ள ஐயா,

2022 டிசம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1 நிலவுப் பயணத்தை ஆளின்றி முடித்துத் திரும்பிய ஓரியன் விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி பெயர்ந்திருந்தது. தரையில் அதைவிட வேகமாகச் சூடேற்றிச் சோதித்தபோது தாங்கியது என்கிறார்கள். அப்படியானால், நாங்கள் ஆய்வகத்தில் சில மில்லிகிராம் பிசினைச் சூடாக்கி எடுக்கும் அளவுகளால் என்ன பயன்?

வேதியியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

நிறையவே பயன் உண்டு. ஆனால் சூடேற்றிய வேகத்தைச் சொல்லாமல் அந்த எண்களைச் சொல்லக் கூடாது.

உங்கள் அளவீடு இப்படித்தான்: சிறு கிண்ணத்தில் பிசின் பொடி, மேலே நைட்ரஜன் ஓட்டம், நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றம், வெப்பநிலை ஏற ஏறத் திரையில் மெல்ல இறங்கும் எடைக்கோடு. ஃபீனாலிக் பிசின் என்றால் முதலில் நீராவி போகும்; பிறகு ஃபீனால் வகைகளும் மீத்தேனும்; கடைசியில் ஹைட்ரஜன். 1,000 டிகிரியில் ஏறக்குறைய பாதி எடை கரியாக நிற்கும். அதே பொடியை நிமிடத்துக்கு 20 டிகிரி என ஏற்றினால் கோடு வலப்பக்கம், அதாவது கூடுதல் வெப்பநிலைக்கு, நகர்ந்துவிடும். பிசின் அதேதான், சிதைவதற்குக் கிடைத்த நேரம் குறைந்துவிட்டது. இந்த நகர்விலிருந்துதான் சிதைவின் கிளர்வு ஆற்றலை, அதாவது சிதைவு நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, கணக்கிடுகிறோம். ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு ‘இது இத்தனை டிகிரியில் சிதையும்’ என்று முடித்துவிடும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓரியன் காற்றுமண்டலத்தில் ஒருமுறை நுழைந்து, மேலெழுந்து, மறுபடி இறங்கியது. இடையில் வெளிச்சூடு தணிந்தது. உள்ளே ஏறிய சூடு தங்கிவிட்டது. பிசின் கலந்த அவ்கோட் என்ற அந்தக் கவசப் பொருளுக்குள் வாயு உண்டாகிக்கொண்டே இருந்தது. அதற்கு வழிவிட வேண்டிய நுண்துளைக் கரியோ மெதுவாகத்தான் உருவானது. அழுத்தம் ஏறி வெடிப்பு விழுந்து, மேல்கரி துண்டு துண்டாகக் கழன்றது. தரைச் சோதனையில் சூடு வேகமாக ஏறியதால் கரி விரைந்து உருவாகி வாயுவை வெளியேற்றிவிட்டது. சூடு குறைந்ததே கேடாக முடிந்தது. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மின்வில்லால் கொதிக்கவைத்த வாயுவைப் பாய்ச்சும் ஆர்க் ஜெட் கருவியில் அந்தப் பயணத்தின் சூட்டை மறுபடி உண்டாக்கிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2024 டிசம்பரில் நாசா காரணத்தை அறிவித்தது.

உங்கள் கிண்ணத்தில் இந்த அழுத்தம் தெரியாது. பொடியிலிருந்து வாயு உடனே தப்பிவிடும். ஆகவே நிமிடத்துக்கு 5, 10, 20, 40 டிகிரி என நான்கு வேகங்களில் பொடியை அளந்துவிட்டு, அதே பிசினில் கெட்டியான சிறு வில்லை செய்து அதையும் அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று எனக்கு எழுதுங்கள்.