கடுகுக்கீரையில் இருப்பது பொறிவண்டு அல்ல
சாட்ஸ்வர்த்தில் உள்ள உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கடுகுக்கீரையை வெளிறச் செய்யும், கறுப்பில் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த சிறு பூச்சி பொறிவண்டா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தில் முதுகின் நடுவே முக்கோணக் கேடயமும், அதன் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த சவ்வு இறக்கை நுனிகளும் தெரிகின்றன. பொறிவண்டுக்கோ இரு கடின மூடிகள் நேர்கோட்டில் சந்திக்கும். ஆகவே இது பென்டடோமிடே குடும்பத்து நாவாய்ப்பூச்சி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நீங்கள் குறிப்பிடும் 6 மில்லிமீட்டர் நீளமும், இந்த நிறமும், கடுகுக் குடும்பச் செடியும் சேர்ந்து வருவதால் பக்ராடா ஹிலாரிஸ் என்ற இனம் என்றே சொல்வேன். நெசாரா விரிடுலா என்ற பச்சை நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகளும் புள்ளிகளோடு ஏமாற்றக்கூடியவைதான். ஆனால் அவற்றுக்கு முழு இறக்கை இராது, உங்கள் படத்தில் பின்பக்கம் ஒட்டி இணைந்திருப்பவையோ முதிர்ந்த ஜோடி. இலையடியில் முட்டைக் கொத்தைத் தேட வேண்டாம். குடும்ப வழக்கத்துக்கு மாறாக இது பெரும்பாலும் மண்ணில்தான் முட்டையிடும் என்பதால், செடியடி மண்ணைக் கிளறிப் பாருங்கள்.