இரவு யூனிட் மலிவென்றால் பில் குறையுமா? எகானமி 7 கேள்வி பதில்

பிரிட்டனில் வீட்டு வயரிங் வேலை பார்ப்பவன் நான். பகலுக்கு ஒரு விலை, இரவு ஏழு மணி நேரத்துக்கு ஒரு விலை என்று 1978 முதல் இருந்துவரும் எகானமி 7 மின்கட்டணத் திட்டம் பற்றிப் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்டவரின் ஊர் இருக்கிறது. கணக்குக்காக, பகலும் இரவும் ஒரே கட்டணமான ஒற்றை விலை யூனிட்டுக்கு 25 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), எகானமி 7-இல் பகல் 30, இரவு 15 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாம்: அண்ணா, கேஸ் ஹீட்டிங் வீடு. வாங்கும்போதே எகானமி 7 மீட்டர் இருந்தது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் வேண்டாம் தம்பி. ஒற்றை விலையைவிடப் பகலில் 5 பென்ஸ் கூடக் கொடுக்கிறீர்கள். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் 15 பென்ஸ். ஐந்தைப் பதினைந்தால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் மொத்த யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் ஓடினால்தான் லாபம்.

இருபத்து நாலு மணி நேரமும் ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும் வீட்டில்கூட அந்த ஏழு மணி நேரத்தின் பங்கு 29 சதவீதம்தான். கேஸ் ஹீட்டிங் வீட்டில் இரவு ஓடுவது ஃபிரிட்ஜும் வைஃபையும். அதனால் பங்கு இன்னும் குறையும். தாராளமாக வருடம் 3000 யூனிட்டில் 900 இரவு என்றே வைத்தாலும் எகானமி 7-இல் 765 பவுண்டு, ஒற்றை விலையில் 750.

ஹாரோ: வாஷிங் மெஷின், டிரையர் இரண்டையும் இரவில் போட்டால் அந்தப் பங்கு வந்துவிடாதா?

டிரையரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். லண்டன் தீயணைப்புத் துறையும் இதைத்தான் சொல்கிறது. பஞ்சு அடைத்த ஃபில்டரோடு ஓடும் டிரையர் தீப்பிடிக்கும். மலிவு நேரம் காலை ஏழரை வரை இருந்தால், எழுந்ததும் போடுங்கள், கண் முன்னால் ஓடட்டும்.

குரோய்டன்: ஃபிளாட்டில் ஸ்டோரேஜ் ஹீட்டர் மட்டும்தான், இரவில் சூட்டைச் சேர்த்துவைத்துப் பகலில் வெளியே விடுகிற வகை. வருடம் பகல் 2000, இரவு 4000 யூனிட். ஒற்றை விலைக்கு மாறலாமா?

மாற்றவே மாற்றாதீர்கள். உங்களுக்கு இப்போது 1200 பவுண்டு, ஒற்றை விலையில் 1500 ஆகும்.

டூட்டிங்: குரோய்டன்காரருக்குச் சொன்னது சரியில்லை. ஸ்டோரேஜ் ஹீட்டர் பழைய சாமான். புது எலக்ட்ரிக் ரேடியேட்டர் நூறு சதவீதத் திறன் என்கிறார்கள். அதைப் போட்டு ஒற்றை விலைக்குப் போனால் மிச்சம்தானே?

அந்த நூறு சதவீதம் பொய்யில்லை. ஆனால் பத்து பவுண்டு ஃபேன் ஹீட்டரும் நூறு சதவீதம்தான், ஸ்டோரேஜ் ஹீட்டரும் அப்படித்தான். கம்பியைச் சூடாக்கும் எந்தக் கருவியும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். உள்ளே எண்ணெய், செராமிக், கல் எது இருந்தாலும் இது மாறாது. அந்த யூனிட்டை 15 பென்ஸுக்கு வாங்குகிறீர்களா, 25-க்கா என்பதுதான் கேள்வி. இதை மீறுவது ஹீட் பம்ப் ஒன்றுதான்: வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுப்பதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும்.

இந்த ரேடியேட்டர்களை வயதானவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுண்டு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்து விற்பவரிடம் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

டூட்டிங் மறுபடியும்: சூடு மாலை ஆறு மணிக்கே தீர்ந்துவிடுகிறதே? குளிரில் உட்கார்ந்து மிச்சம் பிடிப்பதா?

நியாயமான கேள்வி. பழைய ஹீட்டரில் இரண்டு குமிழ் இருக்கும். இன்புட், இரவில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு. அவுட்புட், எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதற்கு. நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் அவுட்புட் இரவும் பகலும் முழுசாகத் திறந்தே கிடக்கிறது. சேர்க்கும்போதே ஒழுகினால் மாலைக்கு என்ன மிஞ்சும்? படுக்கும்போது அவுட்புட்டை முழுவதும் குறைத்துவிட்டு, மாலை வீடு திரும்பியதும் திறந்து பாருங்கள். அப்படியும் போதவில்லை என்றால், சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும் புது வகை ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு மாறலாம். பகல் விலையில் எரியும் ரேடியேட்டருக்கு அல்ல.

லூயிஷம்: தண்ணீர், தொட்டிக்குள் இருக்கும் இம்மர்ஷன் ஹீட்டரில் சுடுகிறது. எப்போது போடுவது சிக்கனம்?

சிக்கனம் இரவில்தான். 120 லிட்டர் தொட்டியை 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இரவில் ஒரு பவுண்டுக்குள், பகலில் இரண்டு பவுண்டை நெருங்கும். ஆனால் 60-க்குக் கீழே வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள், லெஜியோனெல்லா கிருமி வளரும்.

இல்ஃபோர்ட்: கேஸ் ஹீட்டிங், எகானமி 7 நல்லதா?

ஈஸ்ட் ஹாம் தம்பிக்குச் சொன்ன பதில்தான்.

லெஸ்டர்: இரவு பதினொன்றுக்கே இஸ்திரி போடுகிறோம், பில் குறையவில்லையே?

மலிவு நேரம் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் பன்னிரண்டரைக்குப் பிறகுதான் தொடங்கும். இன்னொன்று, பல மீட்டர்கள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். கோடையில் நாம் கடிகாரத்தை முன்னே தள்ளும்போது அவை நகராது, அப்போது ஒன்றரை முதல் எட்டரை வரை என்று ஆகிவிடும். மீட்டரில் இரண்டு எண்களையும் மாலை ஆறுக்குக் குறித்து, பத்துக்குப் பாருங்கள். ஏறியிருப்பது பகல் எண். பில்லில் அது இரவு என்று போட்டிருந்தால் உடனே நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். இந்த மாறாட்டம் அபூர்வமல்ல.

சௌத்ஹால்: டிரையரை டைமர் வைத்து மூன்று மணிக்கு ஓடவிடலாமா?

கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

வெம்ப்லி: மின்சார கார் வாங்குகிறோம்.

அப்படியென்றால் கணக்கு வேறு. 7 கிலோவாட் சார்ஜரில் ஒரே இரவில் நாற்பது யூனிட்டுக்கு மேல் ஏற்றலாம். எகானமி 7-ஐ மட்டும் பார்க்காமல், காருக்கென்றே இருக்கும் இரவுத் திட்டங்களையும் ஒப்பிடுங்கள். அவற்றுக்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும்.

பர்மிங்ஹாம்: மதுரையில் அப்பா அம்மா வீட்டுக்கும் இப்படி மாற்றலாமா?

அங்கே வீட்டுக்கு இரண்டு மாதக் கணக்கு, அடுக்குக் கட்டணம். எந்த நேரம் என்பதல்ல, எத்தனை யூனிட் என்பதுதான் அங்கே பில்லை ஏற்றும்.

ஹவுன்ஸ்லோ: ஒற்றை விலைக்குப் போக மீட்டரை மாற்ற வேண்டுமா அண்ணா?

பல நிறுவனங்கள் மீட்டரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு எண்களையும் கூட்டி ஒரே விலை போட்டுவிடும், கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் ஸ்டோரேஜ் ஹீட்டருக்குத் தனி வயர் இருக்கும், அதில் இரவில் மட்டும்தான் கரண்ட் வரும். அங்கே விலையை மாற்றினாலும் ஹீட்டர் பகலில் எரியாது. அதனால் போன் செய்வதற்கு முன் ஃபியூஸ் பெட்டிகள் எத்தனை என்று பார்த்து, மீட்டரையும் அவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.